அயல் மண்ணில் அடித்த மணி

1861-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் மாலை. இலண்டன் மாநகரில், பாடிங்டன் பகுதியிலே, ஒரு பெரிய வீடு விளக்கொளியிலே மிதக்கிறது. முகப்பிலே கொடிகள், உள்ளே இசைக்குழு, ரஷ்யர், போலந்தியர், இத்தாலியர், பிரெஞ்சுக்காரர் என்று, நாடிழந்து வந்தோர் கூட்டங் கூட்டமாக வருகின்றனர். விருந்து எதன் பொருட்டு? ரஷ்ய நாட்டிலே ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் பண்ணையடிமைகள் இனி அடிமைகள் அல்லர் என்று ஜார் மன்னன் இரண்டாம் அலெக்சாந்தர் அறிவித்துவிட்டான்! வீட்டுக்கு உரியவர், வாழ்நாளெல்லாம் ஜாராட்சியை எதிர்த்தவர், அன்றைக்கு ஒருநாள் மட்டும் அந்த மன்னன் பெயரைச் சொல்லிக் கோப்பையை உயர்த்துவதென்று முடிவு செய்து, பேச வேண்டியதையும் எண்ணி வைத்திருந்தார். விருந்தினர் வந்துகொண்டிருக்கும்போதே வார்சாவிலிருந்து செய்தி வந்தது: கூடி நின்ற போலந்து மக்கள் மீது ரஷ்யப் படை சுட்டுவிட்டது, பிணங்கள் விழுந்தன.

விளக்குகள் அணைக்கப்படவில்லை. விருந்தும் நடந்தது. மன்னனுக்கான வாழ்த்து மட்டும் எழவில்லை.

அந்த வீட்டுக்கு உரியவர் அலெக்சாந்தர் ஹெர்சன். 'கோலொகோல்', அதாவது 'மணி' என்னும் ஏட்டை இலண்டனில் அச்சிட்டு ரஷ்யாவுக்குள் அனுப்பிய எழுத்தாளர். 'கடந்த காலமும் சிந்தனைகளும்' என்ற அவருடைய தன்வரலாற்றைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். தலையணை போன்ற நூல். கான்ஸ்டன்ஸ் கார்னெட் 1920-களில் ஆங்கிலத்தில் பெயர்த்துத் தந்தது முதல் உலகெங்கும் படிக்கப்படுவது. இதனைப் போற்றுவோர் பெரும்பாலும், மாஸ்கோவின் பழைய வீடுகளையும், இளமை நட்பையும், காதலின் கசப்பையும் எடுத்துக்காட்டி, "என்ன அழகு! என்ன உருக்கம்!" என்று வியந்து நின்றுவிடுகின்றனர். அழகு உண்டு; மறுப்பாரில்லை. ஆனால் நம் கையில் இந்த நூல் வேறொரு கேள்வியோடு கனக்கிறது. தாயகம் கொந்தளிக்கிறது, நாமோ அடிபடாத தொலைவில், அயல் மண்ணில் இருக்கிறோம். அங்கே கசையடி வாங்குபவன் ஒருவன்; இங்கே அதைப்பற்றி எழுதுபவன் இன்னொருவன். எழுதுபவனுக்கு என்ன உரிமை உண்டு? எது வரை உண்டு?

ஹெர்சன் 1812-இல் மாஸ்கோவில் பிறந்தார். தந்தை பெருநிலக்கிழார், தாய் ஜெர்மானியப் பெண், இருவரும் முறைப்படி மணம் செய்துகொள்ளாதவர்கள். ஆகவே தந்தையின் குடிப்பெயர் மகனுக்கு இல்லை. 1825 டிசம்பரில் ஜாரை எதிர்த்து எழுந்த படைத்தலைவர்களுள் ஐவர் 1826-இல் தூக்கிலிடப்பட்டனர். அந்தச் செய்தி கேட்டுக் கொதித்த சிறுவன், தன் நண்பன் ஒகாரியோவுடன் மாஸ்கோவின் குருவிக் குன்றின்மீது நின்று, அவர்கள் தொடங்கிய வேலைக்கு வாழ்வைத் தருவதென்று சூளுரைத்தான். 1834-இல் கைது; பிறகு நாட்டின் கோடிக்கு விரட்டல்; 1841-இல் மீண்டும் விரட்டல். 1847-இல் வெளிநாடு சென்றார். திரும்பி வா என்றது அரசு, மறுத்தார், உரிமைகள் பறிக்கப்பட்டன. அதன்பின் சாகும்வரை அவர் ரஷ்ய மண்ணை மிதிக்கவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இலண்டனில் அச்சகம் வைக்கவும், வருவோர் போவோருக்கு விருந்து வைக்கவும் பணம் எங்கிருந்து வந்தது? தந்தை விட்டுச்சென்ற சொத்திலிருந்து. அந்தச் சொத்து எதனால் ஆனது? பண்ணையடிமைகளின் உழைப்பால். ஜார் அரசு முடக்கிய பணத்தைப் பாரிசு ராத்சைல்டு தன் வல்லமையால் மீட்டுக் கொடுத்த கதையை ஹெர்சனே நகைச்சுவையோடு எழுதுகிறார். வங்கிக்காரன் முன் பேரரசன் பணிந்ததை எண்ணி நாமும் நகைக்கலாம். ஆனால் அந்த நாணயங்களை விளைவித்த முதுகுகளைப் பற்றி அந்த அத்தியாயம் போதிய அளவு பேசவில்லை. அடிமைத்தனத்தை ஒழிக்க எழுதிய பேனாவுக்கு மை வாங்கிக் கொடுத்ததும் அடிமைத்தனமே!

1848 ஜூனில் பாரிசு உழைப்பாளிகள் எழுந்தபோது ஹெர்சன் அந்த நகரில் இருந்தார். கலகம் ஒடுக்கப்பட்ட பின், இரவில், ஒழுங்கான இடைவெளியில் வேட்டொலி கேட்கிறது. சண்டையின் ஒலி அப்படி ஒழுங்காக இருக்காது. சிறைப்பட்டவர்களை வரிசையாக நிறுத்திச் சுடுகிறார்கள் என்பது புரிகிறது. பிறர் நாட்டின் துயரத்தைச் சாளரத்தருகே நின்று கேட்ட அந்த இரவு அவருடைய எழுத்தையே மாற்றிற்று. 'மறு கரையிலிருந்து' என்ற நூல் அதன் விளைவு. வெற்றி நாளை வரும், மறுநாள் வரும் என்று வாக்களிக்கும் வரலாற்றுச் சோதிடர்களை அந்நூலில் அவர் விட்டு வைக்கவில்லை. வரப்போகும் பொற்காலத்தின் பெயரால் இன்றைய தலைமுறையைப் பலியிடக் கேட்பது, பழைய மதத்தின் புதிய வேடம் என்பது அவர் கருத்து. பகுத்தறிவு பேசுவோர் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி இது. கடவுளை இறக்கிவிட்டு அந்தப் பீடத்தில் எதிர்காலத்தை ஏற்றி வைத்தால், மாறியது சிலை, பலிபீடம் மாறவில்லை.

1853-இல் இலண்டனில் கட்டற்ற ரஷ்ய அச்சகத்தை நிறுவினார். போலந்து நாட்டின் உயர்குடியில் பிறந்து சமதருமியான வோர்ட்செல் என்ற முதியவரும் அவருடைய தோழர்களும் துணை நின்றனர். ரஷ்யனுக்கு அச்சுக்கோக்கக் கற்றுக் கொடுத்தது, ரஷ்யன் அடிமைப்படுத்திய போலந்து!

இங்கேதான் நம்மை நிறுத்தி வைத்த பகுதி வருகிறது. அதே ஆண்டில் மாஸ்கோவிலிருந்து ஒரு பழைய நண்பர் வந்து சேர்ந்தார். ரஷ்ய மேடையின் பெருநடிகர் ஷெப்கின். பண்ணையடிமையாகவே பிறந்து, தம் கலையால் புகழ் பெற்று, பிறகு விடுவிக்கப்பட்டவர். அயல் மண்ணில் வாழ்ந்த ஹெர்சனுக்கு எவ்வளவு மகிழ்ச்சி இருந்திருக்கும்! ஆனால் வந்தவர் கொணர்ந்தது பாராட்டன்று, வேண்டுகோள். அச்சகத்தை மூடிவிடு, அமெரிக்கா சென்றுவிடு, எதுவும் எழுதாதே, உன்னை அவர்கள் மறக்கட்டும், சில ஆண்டுகள் சென்றபின் உனக்கு மன்னிப்புக் கேட்டுப் பார்ப்போம். உன் தாள்கள் அங்கு வந்தால் பிடிபடப் போவது நீயல்ல, நாங்கள். இதுவே அவர் சொன்னதன் சாரம்.

தோழர்களே, இதற்கு என்ன விடை சொல்வீர்கள்? "கோழை" என்று ஏசிவிடுவது எளிது. ஆனால் கேட்டவர் கசையடி உலவும் மண்ணுக்குத் திரும்பிப் போக வேண்டியவர். கேட்கப்பட்டவர் இலண்டனில் இருப்பவர். ஹெர்சன் மறுத்தார், அச்சகம் நடந்தே தீரும் என்றார். 1863-இல் ஷெப்கின் மறைந்தபோது, அந்தச் சந்திப்பை விரித்து எழுதினார். அந்தக் கட்டுரையில் நாம் மதிப்பது, நண்பரின் அச்சத்தைச் சிறுமைப்படுத்தாத நேர்மையை. எதிர்த் தரப்பின் வலிமையான சொற்களை அவரே பதிவு செய்து வைக்கிறார். நம் பக்கத்து எழுத்தாளர்களில் எத்தனை பேர் இதைச் செய்வர்?

ஷெப்கினின் அச்சம் வெற்றச்சமன்று என்பதை ஒன்பதே ஆண்டுகள் காட்டின. அதற்குப் பிறகு வருவோம்.

1855-இல் முதலாம் நிக்கோலாய் மாண்டான். அதே ஆண்டில் 'துருவ விண்மீன்' என்ற வெளியீடு. தூக்கிலிடப்பட்ட ஐவரின் முகங்கள் அதன் அட்டையில். 1857 ஜூலையில் 'மணி' பிறந்தது. உயிருள்ளோரை விளிக்கும் இலத்தீன் தொடர் அதன் முகப்பில். ஒகாரியோவும் வந்து சேர்ந்துவிட்டார். வணிகர் மூட்டையிலும், மாலுமியர் பெட்டியிலும், பயணிகளின் உடுப்புக்குள்ளும் ஒளிந்து ஏடு எல்லை கடந்தது. அதிலும் வியப்பு, கடிதங்கள் எதிர்த்திசையில் வந்ததுதான். எந்த ஆளுநன் குடியானவரை அடித்தான், எந்த நீதிபதி கையூட்டுப் பெற்றான், எந்த அமைச்சன் எந்தக் கோப்பை மறைத்தான் என்றெல்லாம் பெயரில்லாத கைகள் எழுதி அனுப்பின. 'மணி'யில் பெயர் வந்துவிடுமோ என்று அதிகாரிகள் நடுங்கினர். அரண்மனையிலும் அது படிக்கப்பட்டது. ஊமையாக்கப்பட்ட நாட்டுக்கு ஊரெல்லைக்கு வெளியே ஒரு வாய்!

அந்த ஏட்டின் நடையைப் பற்றி ஒரு சொல். அதில் முழக்கம் குறைவு. எதிரியின் அறிக்கையையே எடுத்துப் போட்டு, பக்கத்தில் ஒரு வரி எழுதுவார். அவ்வளவில் எதிரி ஆடையிழந்து நிற்பான். 1861-இல், விடுதலை பெற்ற குடியானவர்கள், நிலத்துக்கு 49 ஆண்டுகள் தவணை கட்ட வேண்டும் என்ற சட்டத்தைக் கேட்டுத் திகைத்தனர். இது மெய்யான விடுதலையாக இருக்க முடியாது, உண்மை ஆணையைப் பண்ணையார்கள் ஒளித்துவிட்டனர் என்று நம்பினர். கசான் மாகாணத்துப் பெஸ்த்னா சிற்றூரில் அப்படி நம்பித் திரண்டவர்கள் மீது படை சுட்டது. அவர்களுக்குச் சட்டத்தைப் படித்துப் பொருள் சொன்ன அந்தோன் பெத்ரோவும் சுட்டுக் கொல்லப்பட்டான். அதே ஆண்டு ஆகஸ்டில், 1783-இல் இறந்த திகோன் என்ற ஆயருக்குத் திருச்சபை புனிதப் பட்டம் சூட்டி விழா எடுத்தது. இரண்டையும் ஹெர்சன் அருகருகே வைத்தார். புதைபடிவ ஆயர், ஊழிவெள்ளத்துக்கு முந்தைய அரசு, ஏமாற்றப்பட்ட மக்கள் என்று தலைப்பிட்டார். மந்தை சுடப்படுகிறது, மேய்ப்பர்களோ எலும்புக்குப் பொன்வேலை பார்க்கிறார்கள்! எந்த நாடானால் என்ன, எந்த மதமானால் என்ன!

1860 மார்ச்சில் 'மணி'க்கு ரஷ்யாவிலிருந்து ஒரு கடிதம் வந்து வெளியாயிற்று. எழுதியவர் பெயரில்லை, 'ரஷ்ய மனிதன்' என்று மட்டும் கையொப்பம். மன்னனை நம்பியது போதும், வழிபாட்டு மணியை நிறுத்து, அபாய மணியை அடி, நாட்டைக் கோடரி ஏந்தச் சொல் என்பது அதன் உள்ளடக்கம். ஹெர்சன் அதை மறைக்கவில்லை; மறுப்பு எழுதி, மறுப்போடு அச்சிட்டார். கோடரிக்கு அழைப்பவனிடம் அமைப்பு இருக்க வேண்டும், திட்டம் இருக்க வேண்டும், அழைத்தவன் தானே முன்னின்று மடியவும் வேண்டும். வேறு வழி ஒன்றேனும் எஞ்சியிருக்கும்வரை அதற்கு அழைக்க மாட்டோம் என்றார். கோடரி வேண்டாம், துடைப்பம் எடுப்போம் என்பது அவர் நிலை.

இதற்காக அவரை மிதவாதி என்றனர், தடுமாறுபவர் என்றனர். 1912-இல், ஹெர்சன் பிறந்த நூற்றாண்டில், லெனின் எழுதிய கட்டுரையும் மன்னனுக்கு மடல் எழுதிய அந்த மென்மையைக் கண்டிக்கிறது. கண்டனத்தில் பாதி நியாயம் உண்டு. 1861 விருந்தில் உயர இருந்த கோப்பையே அதற்குச் சான்று. ஆனால் கோடரிக் கடிதத்துக்குத் தந்த மறுப்பை அந்தக் கணக்கில் சேர்ப்பதை நாம் ஏற்கவில்லை. உள்ளிருப்பவன் ஆயுதம் எடுப்பதா வேண்டாமா என்பதை உள்ளிருப்பவன் முடிவு செய்யலாம்; வெளியிலிருப்பவன் தாளில் கட்டளையிடக் கூடாது. இது அச்சத்தின் சொல்லன்று. தன் உயிரைப் பணயம் வைக்காதவன் பிறர் உயிரைப் பந்தயம் கட்ட மறுக்கும் நாணம்.

எதிர்ப்பக்கத்துக்கு எடுத்துக்காட்டும் அதே வீட்டில் இருந்தது. சைபீரியாவிலிருந்து தப்பி, யப்பான், அமெரிக்கா வழியாக உலகைச் சுற்றி 1861 டிசம்பரில் இலண்டனில் வந்து குதித்தவர் பக்கூனின். பேருள்ளம், பேருருவம், எங்கே தீ என்றாலும் அங்கே ஓட வேண்டும் அவருக்கு. 1863-இல் போலந்துக்கு உதவ 'வார்ட் ஜாக்சன்' என்ற கப்பலில் ஆயுதங்களோடு போலந்து வீரர்கள் புறப்பட, பக்கூனின் வழியில் ஏறிக்கொண்டார். கப்பல் தலைவன் கைவிட்டுப் போனான். பயணம் சுவீடனின் மால்மோ துறைமுகத்தில் முடிந்தது. ஹெர்சனின் நூலில் பக்கூனினைப் பற்றிய பக்கங்களில் அன்பும் எரிச்சலும் ஒன்றையொன்று விடாமல் பற்றி நிற்கும்.

இலண்டன் நாடிழந்தோரைப் பற்றிய அத்தியாயங்களே இந்நூலின் சிகரம் என்போம். பிரெஞ்சுக்காரர் 1848-இல் நின்றுபோன கடிகாரத்தோடு வாழ்கின்றனர். அதே சண்டை, அதே பெயர்கள், அதே தீர்மானங்கள். புதியவர் எவரும் வருவதில்லை. வந்தால் ஒற்றனோ என்ற ஐயம். ஊரில் என்ன நடக்கிறது என்பதைவிட, ஊரை விட்டு வந்த நாளில் யார் யாரைக் காட்டிக் கொடுத்தார் என்பதே பெரிதாகிறது. இதே ஊரில் வாழ்ந்த மார்க்சும் ஹெர்சனும் ஒருவரையொருவர் வெறுத்தனர். 1855-இல் ஹெர்சன் பேசுகிறார் என்பதற்காகவே ஒரு கூட்டத்துக்கு மார்க்ஸ் மறுத்தார். பிறரின் நின்ற கடிகாரத்தை இவ்வளவு கூர்மையாகக் கண்டவர், தம் பைக்கடிகாரத்தைப் பார்த்தாரா? முழுமையாக இல்லை.

பார்க்கவில்லை என்பதற்குச் சான்று அவர் போற்றிய கிராமக் கூட்டுடைமை. ரஷ்யச் சிற்றூரில் நிலம் ஊருக்குப் பொது. அதை அவ்வப்போது குடிகளுக்குப் பங்கிடுவர். ஆகவே ஐரோப்பா கனவு காணும் சமதருமத்தின் விதை நம் ஊரிலேயே இருக்கிறது என்றார். இந்த எண்ணம் அவருக்கு எப்போது முற்றியது? பாரிசில் நம்பிக்கை உடைந்தபின், ஊர் திரும்ப முடியாதென்று ஆனபின்! அந்த ஊர்க்கூட்டம்தான் வரிக்காகக் குடியானவனைப் பிடித்து வைத்தது. தனக்குப் பிடிக்காதவனைச் சைபீரியாவுக்குத் தள்ளிவிடத் தீர்மானம் போட்டது. ஆண் தலை எண்ணி நிலம் பங்கிட்டுப் பெண்ணை ஒதுக்கியது. பண்ணையார் வீட்டு மாடியிலிருந்து கண்ட ஊரை இலண்டன் மூடுபனி பொன்னாக்கிக் காட்டிற்று. ஏக்கம் கொள்கையின் சட்டையை அணிந்துகொண்டது. கடல் கடந்து வாழ்வோர் ஊரின் பழமையைப் போற்றத் தொடங்கும்போதெல்லாம் நமக்கு இந்த அத்தியாயம் நினைவுக்கு வருகிறது. போற்றப்படும் அந்த ஊரில் சேரி எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

இன்று தொலைவின் தன்மையே வேறு. ஹெர்சனுக்குச் செய்தி வர நாட்கள் ஆயின, சில வேளை வாரங்கள். 2009 ஏப்ரலில் அதே இலண்டனில், நாடாளுமன்றத்தின் எதிரே, ஈழத் தமிழர் வாரக்கணக்கில் திரண்டு நின்றனர். வன்னிக் கரையில் விழும் குண்டுகளின் செய்தி கைப்பேசியில் வந்துகொண்டே இருந்தது. தொலைவு சுருங்கிற்று, கை நீளவில்லை. அந்தக் கூட்டத்தில் நின்ற இளைஞன் ஒருவனிடம் ஹெர்சனின் பக்கங்களைக் கொடுத்தால், ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி அவனுக்குத் தோன்றாது.

1863 ஜனவரியில் போலந்து எழுந்தது. இது நேரமல்ல, தோற்றுவிடுவீர்கள் என்றுதான் ஹெர்சன் முன்பே சொல்லி வந்தார். ஆனால் எழுச்சி தொடங்கியதும், முன்பு சொன்னதைக் காட்டி ஒதுங்கிக் கொள்ளவில்லை. போலந்தின் பக்கம் நின்றார்; சுடுகிற கை தன் இனத்துக் கை என்பதை ரஷ்ய மொழியிலேயே எழுதினார். ஜாரை ஏசியபோது கைதட்டிய ரஷ்யப் படிப்பாளிகள் இப்போது என்ன செய்தனர்? நாட்டுப்பற்று என்னும் மது தலைக்கேறிற்று. மாஸ்கோவில் கட்கோவின் பத்திரிகை அவரைத் துரோகி என்று சாடியது. நேற்றுவரை 'மணி'யைத் திருட்டுத்தனமாகப் படித்தவர்கள் இன்று வெளிப்படையாகத் தூற்றினர். 2,500 படிகள் விற்ற ஏடு, அந்த ஆண்டு முடிவில் 500 அளவுக்கு இறங்கிற்று.

நம் மதிப்பில் ஹெர்சனின் பெருமை இந்த இறக்கத்தில் இருக்கிறது. தொலைவிலிருந்து கொடுங்கோலனைத் தாக்குவதில் இடர் குறைவு; கைதட்டு மிகுதி. தன் மக்களே தவறும்போது, தன் வாசகனிடமே அதைச் சொல்ல வேண்டும். உள்ளிருப்பவன் சொன்னால் சிறை, ஆகவே வெளியிலிருப்பவன்தான் சொல்ல வேண்டும். அயல் மண்ணின் பாதுகாப்புக்கு அவன் கொடுக்கக்கூடிய வாடகை அதுவே. ஹெர்சன் அதைத் தன் ஏட்டின் உயிரால் கொடுத்தார். தடுமாற்றத்தைக் கண்டித்த அதே லெனின் கட்டுரை, போலந்துக்காக நின்றதன்மூலம் ரஷ்ய மக்களாட்சிப் பற்றின் மானத்தைக் காத்தவர் என்று போற்றவும் செய்கிறது.

ஷெப்கின் அச்சத்துக்கு வருவோம். 1862 கோடையில் பீட்டர்ஸ்பர்க்கில் செர்னிஷெவ்ஸ்கியின் 'சமகாலத்தவன்' ஏட்டை அரசு எட்டுத் திங்கள் நிறுத்தி வைத்தது. அந்த நேரத்தில் இலண்டனிலிருந்து ரஷ்யா திரும்பிய வெத்தோஷ்னிகோவ் என்பவரிடம் ஹெர்சன் வட்டத்தார் கடிதங்கள் கொடுத்தனுப்பினர். விருந்துக் கூட்டத்தில், பலர் அறிய; அக்கூட்டத்தில் ஓர் ஒற்றனும் இருந்தான். எல்லையில் வெத்தோஷ்னிகோவ் பிடிபட்டார். நிக்கோலாய் செர்னோ-சலோவியெவிச் என்ற இளைஞருக்கு எழுதிய மடலில், செர்னிஷெவ்ஸ்கியோடு சேர்ந்து அந்த ஏட்டை இங்கோ ஜெனீவாவிலோ வெளியிட அணியமாயிருக்கிறோம் என்று ஒரு குறிப்பு. போலீசுக்கு அந்த ஒரு வரி போதுமானதாயிற்று. ஜூலையில் இருவரும் ஒரே நாளில் கைது செய்யப்பட்டனர். செர்னிஷெவ்ஸ்கி சிறைக்கோட்டையிலிருந்து 'என்ன செய்வது?' புதினத்தை எழுதினார். 1864 மே மாதத்தில் பொது இடத்தில் தூணருகே நிறுத்தி இழிவுபடுத்தப்பட்டுச் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டார். ஐரோப்பிய ரஷ்யாவுக்குத் திரும்பியது 1883-இல்தான். அரசு அவரை எப்படியும் பிடித்திருக்கும் என்பர். இருக்கலாம். பெயரை எழுதிய கை இலண்டனில் இருந்தது. விலங்கு பூட்டிய கை பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தது என்பது மாறாது.

நிக்கோலாய் சைபீரியாவின் இர்க்குத்ஸ்க் நகரில் 1866-இல் இறந்தார். 'மணி' அதற்கு முந்தைய ஆண்டே ஜெனீவாவுக்கு இடம் பெயர்ந்திருந்தது. அங்கே திரண்டிருந்த இளம் நாடிழந்தோர் ஹெர்சனைப் பழைய காலத்துப் பிரபு என்று ஒதுக்கினர். 1867-இல் 'மணி' நின்றது. அதே ஆண்டு, ஹெர்சனைக் கடுமையாகத் தாக்கி ஜெனீவா இளைஞர்களிடையே ஒரு சிறுநூல் உலவியது. எழுதியவர் அலெக்சாந்தர் செர்னோ-சலோவியெவிச், நிக்கோலாயின் தம்பி.